கத்திரி வெயிலும் ஐயாயிரம் எம்ஏஎச்சும்

குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா வைகாசி முதல் நாள் வரும். அதாவது மே மாதத்தின் நடுவில், கத்திரி வெயில் மண்டையைப் பிளக்கும் நேரத்தில். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து கிளம்பும் அம்மன் சிரசு கோபாலபுரம் கோயிலுக்கு வந்து சேரும் வழியெல்லாம் மனிதத் தலைகளும் தேங்காய்ச் சில்லுகளும்தான். என் அக்கா மகன் ஒரு மொட்டை மாடியில் இடம் பிடித்து, கால் மணி நேரமாக 4கே வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். சிரசு தெருமுனையில் திரும்பிய நேரம் பார்த்து போன் கேமராவை மூடிக்கொண்டது. சூடு தணியும்வரை கேமரா திறக்காது என்று திரையில் ஒரு வரி. அவ்வளவுதான், அந்த வருஷம் அவனுக்குக் கிடைத்த அம்மன் தரிசனம்.

"மாமா, 50 எம்பி கேமரா, 5000 எம்ஏஎச், எட்டு கோர் பிராசஸர்னு எல்லாம் பார்த்துத்தானே வாங்கினேன்?" என்று சாயங்காலம் கேட்டான். பையன் வேலூரில் பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறவன். காட்பாடிக்கும் ஊருக்கும் நாளெல்லாம் ஓட்டம். போன்தான் அவனுக்குக் கடை, கல்லாப்பெட்டி, வழிகாட்டி எல்லாம்.

எம்பி என்றால் மெகாபிக்சல், படத்தில் எத்தனை பத்து லட்சம் புள்ளிகள் என்ற கணக்கு. எம்ஏஎச் பேட்டரியின் கொள்ளளவு. கோர் என்பது போனின் மூளையான சிப்புக்குள் கணக்குப் போடும் பகுதி. அவன் பார்த்ததில் தப்பில்லை. எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். கேமரா ஒரு கட்டம், வேகம் ஒரு கட்டம், பேட்டரி ஒரு கட்டம் என்று அட்டவணை போட்டு, ஒவ்வொன்றிலும் எந்த போனுக்கு எண் பெரியது என்று ஒப்பிடுகிறோம். ஆனால் போனுக்குள்ளே இந்த மூன்றுக்கும் தனித்தனி வீடு கிடையாது, ஒரே கூட்டுக்குடும்பம். கேமரா வேலை செய்ய சிப் ஓடியாக வேண்டும். சிப் ஓடினால் பேட்டரி கரையும், இரண்டுமாகச் சேர்ந்து சூடு கிளப்பும். அந்தச் சூட்டை போன் எவ்வளவு சீக்கிரம் வெளியே தள்ளுகிறது என்பதுதான் மூன்றுக்கும் எல்லை வகுக்கிறது. பெட்டியின் மேல் அந்த எண்ணை யாரும் அச்சடிப்பதில்லை.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை. ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோட்டைக் கோயிலுக்குத் திரும்பி வந்துவிட்டதால் அதில் ஒன்று தள்ளுபடி. மற்றவை ஏறக்குறைய அப்படியே இருக்கின்றன. அந்த மொட்டைப் பாறை மலைகள் பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரியில்தான் திருப்பித் தருகின்றன. கடல் காற்று இவ்வளவு தூரம் உள்ளே வருவதற்குள் களைத்துவிடும். மே மாதத்தில் இங்கே 40 டிகிரி என்பது செய்தியே கிடையாது. ஐபோனைப் பயன்படுத்தத் தகுந்த சுற்றுப்புற வெப்பநிலை என்று ஆப்பிள் சொல்வதோ 0 முதல் 35 டிகிரி வரை. மற்ற போன்களின் உடம்பும் பெரிதாக வேறு மாதிரி செய்யப்பட்டதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். விளையாட்டுக்கென்றே வரும் ஒன்றிரண்டு மாடல்களை விட்டால் போனுக்குள் விசிறி கிடையாது. சிப்பில் பிறக்கும் சூடு உள்ளிருக்கும் தகடுகளில் பரவி, கடைசியில் போனின் முதுகு வழியாகக் காற்றில் கலக்க வேண்டும். முதுகு 44 டிகிரி வாக்கில் வந்தால் கை பொறுக்காது. அதனால் அந்த இடத்திலேயே கம்பெனிகள் கடிவாளம் போட்டு வைத்திருக்கின்றன. 24 டிகிரி ஏசி அறையில் முதுகுக்கும் காற்றுக்கும் 20 டிகிரி வித்தியாசம் இருக்கும். வேலூரில் 40 டிகிரி நிழலில் அது வெறும் 4 டிகிரி. சூடு வெளியேறும் வேகம் பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பொறுத்தது. ஆக, ஏசி அறையில் 4 வாட் சூட்டைச் சுலபமாக விரட்டிய போன் இங்கே 1 வாட்டுக்கே மூச்சு வாங்கும்.

வெயிலில் நீட்டினால் இன்னும் மோசம். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். ஒரு போனின் முகம் 16 சென்டிமீட்டருக்கு 7.5 சென்டிமீட்டர் என்றால் 0.012 சதுர மீட்டர். அதன் மேல் விழுவது 12 வாட். கறுப்புக் கண்ணாடி அதில் பெரும்பங்கை உறிஞ்சிக்கொள்ளும். சிப் முழு மூச்சில் ஓடினாலும் சாதாரணமாக இவ்வளவு சூட்டைத் தொடர்ந்து கிளப்பாது. பையனின் போன் மாடியில் நின்றது இப்படித்தான். யூடியூப் விமர்சகர் ஏசி அறையில் அதே போனில் ஒரு மணி நேரம் வீடியோ எடுத்துக் காட்டியிருப்பார். அவர் சொன்னதும் பொய்யில்லை.

இனி வேகத்தைப் பார்க்கலாம். போனின் சிப் என்று நாம் சொல்வதற்குள் கணக்குப் போடும் கோர்கள், கிராபிக்ஸ், படத்தைச் சமைக்கும் பகுதி, சிக்னல் பிடிக்கும் மோடம் எல்லாம் பெரும்பாலும் ஒரே துண்டில் இருக்கின்றன. எத்தனை கோர், எத்தனை கிகாஹெர்ட்ஸ் என்பதைவிட அதை யார் எந்த முறையில் தயாரித்தார்கள் என்பது முக்கியமாகிவிடும். நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது. சிப் வடிவமைக்கும் குவால்காம் கம்பெனியின் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப் சாம்சங் ஆலையில் 4 நானோமீட்டர் முறையில் தயாரானது (சிப்பை எவ்வளவு நுணுக்கமாகச் செதுக்குகிறார்கள் என்பதற்கான பெயர் அது). சூட்டுக்குப் பேர் வாங்கியது. 2022இல் கிட்டத்தட்ட அதே வடிவமைப்பைத் தைவானின் டிஎஸ்எம்சி ஆலைக்கு மாற்றி 8 பிளஸ் ஜென் 1 என்று வெளியிட்டார்கள். காகிதத்தில் அதுவும் 4 நானோமீட்டர்தான். ஆனால் மின்சாரம் குறைவாகக் குடித்தது, சூடும் தணிந்தது. அட்டவணையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்திருக்காது.

அன்டுட்டு, கீக்பெஞ்ச் போன்ற வேகச் சோதனைச் செயலிகள் தரும் மதிப்பெண்களை ஓரளவுக்கு மேல் நம்ப வேண்டியதில்லை என்பது என் கட்சி. 2022இல் சாம்சங் போன்களில் விளையாட்டுகளின் வேகத்தைக் குறைக்கும் ஒரு மென்பொருள், சோதனைச் செயலிகளை மட்டும் தொடாமல் விட்டது வெளியே வந்தது. கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்22 உள்ளிட்ட பல மாடல்களை நீக்கியது. வாத்தியார் வரும் நாளில் மட்டும் துவைத்த சட்டை போடுகிற கதை. மதிப்பெண் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரே சோதனையை இருபது முறை அடுத்தடுத்து ஓட்டிக் காட்டும் விமர்சனத்தைத் தேடுங்கள். முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் நடுவே எவ்வளவு விழுகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் 100 எடுத்து 55க்கு விழும் போனைவிட, 80 எடுத்து 75இல் நிற்கும் போன் நம் ஊருக்கு நல்லது.

இன்னொன்று, ரேம் என்பது போன் அப்போதைக்கு வைத்து வேலை செய்யும் நினைவகம். "8 பிளஸ் 8 ஜிபி ரேம்" என்று எழுதியிருந்தால் இரண்டாவது எட்டை மறந்துவிடலாம். அது சேமிப்பகத்திலிருந்து கடன் வாங்கிய இடம். உண்மையான ரேமின் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. அந்தச் சேமிப்பகம் மெதுவான பழைய இஎம்எம்சி வகையா, வேகமான யுஎஃப்எஸ் வகையா என்று கேளுங்கள். இரண்டு வருஷம் கழித்து போன் இழுத்துக்கொண்டு நிற்பதற்கு பாதி காரணம் அங்கேதான் இருக்கும்.

கேமரா விஷயம் பெரியது. முதல் கேள்வி எப்போதும் "எத்தனை எம்பி?" ஐபோன் 2015இல் வந்த 6எஸ் முதல் 2022இல் வந்த 14 வரை, சாதாரண மாடல்களின் பிரதான கேமராவை 12 மெகாபிக்சலிலேயே வைத்திருந்தது. கூகுள் 2018, 2019, 2020 என மூன்று வருஷ பிக்சல் போன்களில் வெளிச்சத்தைப் பிடித்துப் படமாக்கும் சென்சாராக சோனியின் அதே ஐஎம்எக்ஸ் 363ஐப் போட்டது. ஆனால் படம் வருஷத்துக்கு வருஷம் மேம்பட்டது. ஷட்டரைத் தொடுவதற்கு முன்னும் பின்னும் பல படங்களை வேகமாக எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வெளிச்சத்தையும் நிழலையும் சரிக்கட்டும் கணக்கு வேலையால் வந்த மாற்றம் அது. கணக்கு என்றால் சிப், சிப் என்றால் சூடு. பார்த்தீர்களா, மறுபடியும் அதே கூட்டுக்குடும்பத்துக்குத்தான் வந்து சேர்கிறோம்.

மெகாபிக்சலைவிட சென்சாரின் பரப்பு முக்கியம். மழைநீர் பிடிக்க முற்றத்தில் வைக்கும் பாத்திரம் மாதிரிதான். வாய் அகலமாக இருந்தால் அதிகம் பிடிக்கும். ஒரே அண்டாவுக்குள் ஐம்பது டம்ளர் அடுக்கினாலும் இருநூறு டம்ளர் அடுக்கினாலும் விழும் மழை ஒன்றுதான். சந்தையில் இருக்கும் 50 எம்பி சென்சார்களில் 1/1.56 அங்குலம் என்று ஒரு வகை, 1/2.76 அங்குலம் என்று ஒரு வகை. பின்னத்தின் கீழ் எண் பெரிதானால் சென்சார் சிறியது. முதல் வகையின் பரப்பு சுமார் 50 சதுர மில்லிமீட்டர், இரண்டாவதன் பரப்பு சுமார் 20. இரண்டு போன்களின் முதுகிலும் "50 எம்பி" என்றே எழுதியிருக்கும், வெளிச்சம் பிடிப்பதில் இரண்டரை மடங்கு வித்தியாசம். போதாக்குறைக்கு, 50 எம்பி சென்சார் சாதாரணமாக நான்கு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 எம்பி படம்தான் தருகிறது. 200 எம்பி சென்சார் பதினாறைச் சேர்த்து அதே 12.5க்கு வந்து நிற்கும். அப்புறம் அதை வாட்ஸாப்பில் சாதாரணத் தரத்தில் அனுப்பினால் ஏறக்குறைய 2 எம்பி ஆகிப் போய்ச் சேரும்.

முதுகில் மூன்று கண், நான்கு கண் என்று இருப்பதையும் எண்ண வேண்டாம். கிட்டத்தில் வைத்து எடுக்க 2 எம்பி மேக்ரோ, பின்னணியை மங்கலாக்க 2 எம்பி டெப்த் என்பதெல்லாம் வீட்டு வாசலில் திருஷ்டிப் பொம்மை மாதிரி. அழகுக்கு ஒன்றும், எண்ணிக்கைக்கு ஒன்றும்.

சரி, கேமராவை எங்கே சோதிப்பது? ஸ்ரீபுரம் பொற்கோயில் படத்துக்கு அருமையான இடம், ஆனால் உள்ளே போனே கொண்டுபோகக் கூடாது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல்யாண மண்டபம் நினைவுக்கு வருகிறது. யாளியும் குதிரையுமாகச் செதுக்கிய தூண்கள் நிழலில் நிற்கும், பின்னால் பிரகாரத்தில் வெயில் கொளுத்தும். கண் இரண்டையும் ஒருசேரப் பார்த்துவிடும். சென்சார் திண்டாடும்: தூணைக் காட்டினால் வானம் வெளுத்துப்போகும், வானத்தைப் பிடித்தால் யாளி கரிக்கட்டையாகிவிடும். எச்டிஆர் என்பது இதற்காகத்தான். மலிவான போன்களில் அது சில நேரம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு வெளிச்சமாக்கி, மண்டபத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி காட்டும். நிழல் நிழலாகவே இருந்து செதுக்கலும் தெரிந்தால் நல்ல கேமரா.

இரவுச் சோதனைக்கு சித்ரா பௌர்ணமியில் வேலூரில் கூடும் புஷ்பப் பல்லக்குகளைவிடச் சிறந்தது கிடையாது. இருட்டுக்குள் சீரியல் விளக்கு, பூ அலங்காரம், நடுவே அசைந்து அசைந்து வரும் பல்லக்கு. இரவு மோடு ஒன்றிரண்டு நொடிகளுக்குப் பல படங்களை எடுத்துச் சேர்க்கும். கட்டடத்துக்கு அது பிரமாதம், நகரும் பல்லக்குக்கு ஆகாது. கை நடுக்கத்தை லென்ஸ் அசைந்து சரிசெய்யும் ஓஐஎஸ் இருந்தால் உதவும், ஆனால் அது உங்கள் கையின் ஆட்டத்தைத்தான் சரிசெய்யும். பல்லக்கின் ஆட்டத்தை நிறுத்த பெரிய சென்சாரும் வேகமான ஷட்டரும் வேண்டும்.

நம் முகத்தின் நிறமும் ஒரு சோதனைதான். பல போன்கள் கேட்காமலேயே முகத்தை வெளுப்பாக்கி, மஞ்சள் பூசிக் கழுவிய மாதிரி மழமழவென்று ஆக்கிவிடுகின்றன. கூகுள் 2021இல் பிக்சல் 6 வந்தபோது கருநிறத் தோலை உள்ளபடி காட்டுவதற்கென்று ரியல் டோன் என்ற ஏற்பாட்டை அறிவித்தது. அந்தப் பிரச்சினை உலகம் முழுக்க இருந்ததற்கு அதுவே சாட்சி. கடையில் போனைப் பார்க்கும்போது உங்கள் கையைப் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, கையையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முடிந்தால் அரக்குச் சிவப்புப் பட்டு ஒன்றையும் எடுத்துப் பாருங்கள். கரும்சிவப்பில் பல கேமராக்கள் தடுமாறி, ஜரிகைக்குப் பக்கத்து நூல் வேலையையெல்லாம் ஒரே சிவப்புக் கறையாக்கிவிடும். ஆரணிப் பட்டை வாட்ஸாப்பில் காட்டி விற்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

பேட்டரியில் எம்ஏஎச் என்பது பாதிக் கதை. அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் ஆற்றல். 5000 எம்ஏஎச், 3.85 வோல்ட் என்றால் சுமார் 19 வாட் மணி. போன் சராசரியாக 1.5 வாட் குடித்தால் 12 மணி நேரத்துக்கு மேல் வரும், வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து வீடியோ எடுத்து 5 வாட் குடித்தால் நாலு மணி நேரம் வருவதே சந்தேகம். டேங்க் அளவை மட்டும் கேட்டு மைலேஜ் கேட்காமல் வண்டி வாங்குவோமா? சிக்னல் கிடைக்காத இடத்தில் மோடம் டவரைத் தேடித் தேடியே பேட்டரியைக் குடிக்கும். ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும், போனைத் தொடாமலேயே சாயங்காலத்துக்குள் பாதி காலியாகியிருக்கும். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியோடு வந்து, லாட்ஜில் தங்கி, பணம் கட்டுவதிலிருந்து மொழிபெயர்ப்புவரை எல்லாவற்றுக்கும் ஒரே போனை நம்பியிருப்பவர்களுக்குக் கேமராவைவிட இதுதான் கவலை.

இரண்டு மூன்று வருஷமாக எண்கள் திடீரென்று ஏறியிருக்கின்றன. 7000 எம்ஏஎச் போன்கள் தடிமன் கூடாமலேயே வருகின்றன. காரணம் சிலிக்கான் கார்பன். லித்தியம் அயன் பேட்டரி 1991இல் சோனி மூலம் சந்தைக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே அதன் எதிர்மின் முனையில் கிராஃபைட் வழக்கமாகிவிட்டது. ஒரு கிராம் கிராஃபைட் கொள்ளக்கூடியது கோட்பாட்டளவில் 372 எம்ஏஎச், சிலிக்கான் அதைப்போல ஒன்பது பத்து மடங்கு. பிரச்சினை, லித்தியத்தை வாங்கியதும் சிலிக்கான் மூன்று மடங்குக்கும் மேல் உப்பிவிடும். சார்ஜ் ஏறி இறங்க ஏறி இறங்க நொறுங்கும். கார்பன் கூட்டுக்குள் கொஞ்சமாகச் சிலிக்கானை வைத்து அதைச் சமாளிக்கிறார்கள். 2023இல் ஆனர் மேஜிக் 5 ப்ரோவின் சீன மாடலில் அது போனுக்குள் நுழைந்தது. தொழில்நுட்பம் நல்லதுதான். நான்கு வருஷம் வேலூர் வெயில் பார்த்த சிலிக்கான் பேட்டரி இன்னும் யார் கையிலும் இல்லை என்பதை மட்டும் ஒரு ஓரத்தில் வைத்துக்கொள்கிறேன்.

ஏனென்றால் வெயில் பேட்டரியை இரண்டு விதமாகத் தாக்கும். சுமார் 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றுவது லித்தியம் பேட்டரிக்கு ஆகாது என்பதால் போன் தானாகவே சார்ஜைக் குறைக்கும், நிறுத்தவும் செய்யும். 67 வாட், 120 வாட் என்று விளம்பரம் போட்ட வேகம் மே மாத மத்தியானத்தில் காணாமல் போவது இதனால்தான். இரண்டாவது, சத்தமில்லாமல் நடப்பது: சூட்டில், அதுவும் முழு சார்ஜில் இருக்கும்போது, உள்ளே வேண்டாத வேதிவினைகள் வேகமெடுத்துக் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையும். 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் வசதி இப்போது பல போன்களில் உண்டு. கோடையிலாவது அதைப் போட்டு வைக்கலாம்.

பேட்டரி கிழடாவது பேட்டரியோடு நிற்பதில்லை. பழைய ஐபோன்களில் பேட்டரி தளர்ந்ததும் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்க, சிப்பின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு மன்னிப்பும் கேட்டது. பேட்டரியை மாற்றினால் வேகம் திரும்பியது. "போன் பழசாயிடுச்சு, ஸ்லோ ஆயிடுச்சு" என்று சொல்லிப் புதிது வாங்கியவர்களில் எத்தனை பேருக்குப் புது பேட்டரியே போதுமாக இருந்திருக்கும்!

பேட்டரி ஆயுளை ஒப்பிட இப்போது ஒரு நல்ல வழி வந்திருக்கிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சந்தைக்கு வரும் போன்களுக்கு ஆற்றல் அட்டை கட்டாயம். ஒரு முழு சார்ஜுக்கு எத்தனை மணி நேரம், 80 சதவீதக் கொள்ளளவு எத்தனை சார்ஜ் சுற்றுவரை நிற்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். 800 சுற்று குறைந்தபட்சம். இங்கே விற்கும் மாடலில் பேட்டரி வேறாக இருக்கலாம், அதைச் சரிபார்த்துக்கொண்டு ஒப்பிட்டால் விளம்பரத்தைவிட இது எவ்வளவோ மேல்.

அக்கா மகனுக்கு என்ன வாங்குவது என்ற கேள்வி அப்படியே இருந்தது. பட்ஜெட் இருபதாயிரம். பைக் ஹேண்டில்பாரில் மாட்டி, வெயிலில் ஜிபிஎஸ் ஓட, சார்ஜும் ஏற ஏறத்தான் அவன் போன் வாழும். போனுக்குச் செய்யக்கூடிய மூன்று பாவங்களையும் ஒரே நேரத்தில் செய்வது அது. போதாததற்கு, பைக் இன்ஜினின் அதிர்வு ஓஐஎஸ் உள்ள கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021இல் எச்சரித்தது. ஆக அவனுக்கு நான் சொன்னது, ஒன்று: அதிர்வு தாங்கும் ரப்பர் உள்ள மவுண்ட், மேலே ஒரு சின்ன நிழல் மூடி. இரண்டு: நடுத்தர சிப், ஆனால் சூடேறாத சிப். மூன்று: வெயிலில் தெரியும் திரை. கேமராவில் ஒரு பெரிய சென்சார் இருந்தால் போதும்.

பழைய பஸ் நிலையம் பக்கம் ஒரு கடைக்குப் போனோம். உள்ளே ஏசி ஜில்லென்று இருந்தது. "ணா, டெமோ பீஸை வாசல் வெயில்ல வச்சு ஒரு பத்து நிமிஷம் வீடியோ எடுத்துப் பார்க்கலாமா?" என்று பையன் கேட்டான். கடைக்காரர் சிரித்தார். இப்படிக் கேட்ட முதல் ஆள் நீதான் என்றார். பிறகு அவரும் கூடவே வந்து நின்றார். மூன்று போன்களைப் பார்த்தோம். முதலாவது ஏழாவது நிமிடத்தில் திரை மங்கியது. இரண்டாவது ஒன்பதில் 4கேயிலிருந்து கீழே இறங்கச் சொன்னது. மூன்றாவது, விலை குறைந்தது, பத்து நிமிடமும் தாங்கியது. கடைக்காரர் முதல் போனின் முதுகைத் தொட்டுப் பார்த்து சட்டென்று கையை எடுத்துக்கொண்டார்.

"நாலு மாசமா இதைத்தான் சார் தள்ளிக்கிட்டிருக்கேன்" என்றார் முதல் போனைக் காட்டி, மூன்றாவது போனுக்கு பில் போட்டுக்கொண்டே.